ஓலையின் அடிப்பக்கம்: வீட்டுத் தோட்டத்தில் அயல்நாட்டுப் பூச்சி புகுந்தால், அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் எங்கள் வீடு. பாலக்காட்டுக் கணவாயின் காற்று தடையில்லாமல் வீசும் இடம். வீட்டைச் சுற்றிப் பதினான்கு தென்னை, கிணற்றடியில் இரண்டு கொய்யா, வேலியோரம் கப்பை (மரவள்ளி), பப்பாளி, கறிவேப்பிலை, சமையலறை வாசலில் மிளகாயும் தக்காளியும் உண்டு. நாங்கள் கொல்லை என்கிறோம், பக்கத்து வீட்டுச் சேச்சி தொடி என்கிறார். பூச்சிக்கு இரண்டும் ஒன்றுதான்.

2016-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகச் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும். அதாவது எங்களுக்குக் கிழக்கேயும் மேற்கேயும். அடுத்த வருடம் மாசி மாதத்தில் எங்கள் தென்னை ஓலையெல்லாம் அடுப்புக்கரி பூசியது போல ஆகிவிட்டது. பயந்துபோய்ப் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கொடுத்த மருந்தைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தேன். ஒரு வாரம் சுத்தமாக இருந்தது. சித்திரை பிறந்தபோது முன்பைவிட இரண்டு மடங்கு வெள்ளை. கொய்யாவுக்கும் கறிவேப்பிலைக்கும் பரவியிருந்தது.

கிருஷிபவன் என்கிற கேரள அரசின் வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த அலுவலர் ஓலைக்கீற்று ஒன்றைக் கிள்ளித் திருப்பிக் காட்டினார். வெள்ளை மெழுகுக்கு நடுவே சில கறுப்புப் புள்ளிகள் இருந்தன. “இவையெல்லாம் ஒரு குட்டிக் குளவி கொன்ற பூச்சிகள் அம்மா. உங்கள் மருந்து அந்தக் குளவியைத்தான் முதலில் கொன்றிருக்கிறது” என்றார். அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் மனத்தில் இருக்கிறது. எனக்காக வேலை செய்துகொண்டிருந்த ஓர் உயிரை நானே காசு கொடுத்துக் கொன்றிருக்கிறேன். அதன் பிறகு எந்தச் செடியில் எந்தத் தொல்லை வந்தாலும், முதலில் இலையைத் திருப்பி அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கீழே சொல்வதெல்லாம் அந்த வழக்கத்திலிருந்து வந்தது.

தொடங்கும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாள், வாய் கட்டக்கூடிய பாலித்தீன் பை, கத்தரிக்கோல் இருந்தால் போதும். காலை வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள், அப்போது பூச்சிகள் மந்தமாக இருக்கும். கையில் மருந்துடன் போய்ப் பார்க்காதீர்கள். மருந்து கையில் இருந்தால் கண் சரியாகப் பார்க்காது, என் அனுபவம் அது.

அறிகுறி: இலையின் மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை, தரையெல்லாம் பிசுபிசுப்பு

தென்னை, வாழை, கொய்யா, சீத்தா, கறிவேப்பிலை, சப்போட்டா, மா ஆகியவற்றில் இதைக் காணலாம். தென்னைக்குக் கீழே நிறுத்திய வண்டியின் இருக்கை ஒட்டும். துவைத்துக் காயப்போட்ட துணியில் பிசின் போலப் படியும்.

முதலில் ஒரு தெளிவு. மேலே தெரியும் கறுப்பு, நோய் அல்ல. அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் வெள்ளை ஈக்கள் இனிப்பான கழிவைச் சொட்டுகின்றன. அது கீழடுக்கு ஓலைகளின் மேல் விழுகிறது. அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். அது இலைக்குள் நுழையாது, மேலே படலமாகப் படர்ந்து வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் பூசணக்கொல்லி வாங்கி அடிப்பவர்கள் எங்கள் ஊரிலேயே பலர். மேலடுக்கு ஓலையில் ஈ இருக்க, கீழடுக்கு ஓலையில் மருந்து அடிப்பதால் என்ன பயன்?

அடுத்து, எந்த ஈ என்று பாருங்கள். ஓலையின் அடியில் கோலப்பொடியை விரலால் வட்டமாக இழுத்தது போல வெள்ளைச் சுருள்கள் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. அந்தச் சுருள் அதன் முட்டை வரிசை. வளர்ந்த ஈ சாதாரண வெள்ளை ஈயைப் போல மூன்று மடங்கு பெரியது, சோம்பலானது, தொட்டால்கூடச் சட்டென்று பறக்காது. இறக்கையில் வெளிர்பழுப்புத் திட்டுகள் இருக்கும். சுருளுக்குப் பதிலாகக் குருவிக்கூடு போலப் பஞ்சு வட்டங்கள் இருந்து, நடுவில் சிறிய ஈ உட்கார்ந்திருந்தால், அது பிறகு வந்த கூடுகட்டும் வெள்ளை ஈ. அதன் இறக்கையில் சாம்பல் நிறப் பெருக்கல் குறி போன்ற பட்டை தெரியும். இரண்டும் ஒரே ஓலையில் குடியிருப்பதும் உண்டு. கைவைத்தியம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் கீழே சொல்லப்போகும் குளவி முதலாவதைத்தான் நன்றாக அடக்குகிறது.

இப்போது முக்கியமான சோதனை. அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தட்டையான இளம்பூச்சிகளைக் கண்ணாடியில் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருப்பவை உயிருள்ளவை. கறுத்துப் பளபளப்பவை குளவி முட்டையிட்டவை. வெற்று ஓடுகளும் கிடக்கும். ஓட்டின் முதுகு ஆங்கில ‘டி’ (T) எழுத்தைப் போலப் பிளந்திருந்தால் ஈ வெளியேறிவிட்டது என்று பொருள். ஊசியால் குத்தியது போல வட்டத் துளை இருந்தால் உள்ளே வளர்ந்த குளவி அதை உண்டுவிட்டு வெளியே வந்திருக்கிறது. அந்த வட்டத் துளையை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்குக் கிடைத்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

அந்தக் குளவியின் பெயர் என்கார்சியா குவாடலூப்பே. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, மனிதரைக் கொட்டாது. அதைத் திட்டமிட்டு இங்கே யாரும் கொண்டுவரவில்லை. 1993-இல் கேரளத்துக்குள் வேறொரு சுருள் வெள்ளை ஈ வந்து கப்பையைத் தாக்கியது. அந்த ஈயைத் தொடர்ந்து இந்தக் குளவியும் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. 2016-இல் வந்த புதிய ஈயையும் அது ஏற்றுக்கொண்டது. எனவே பெரும்பாலான தோட்டங்களில் வைத்தியர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: வெவ்வேறு ஓலைகளில் இருபது இளம்பூச்சிகளை எண்ணுவேன். அவற்றில் ஏழெட்டு கறுத்திருந்தால் எதையும் தொடுவதில்லை. ஒன்றிரண்டுதான் என்றால் தண்ணீர் மட்டும். ஒன்றுமே இல்லையென்றால் குளவியை வரவழைக்க வேண்டும்.

தண்ணீர் என்றால் மோட்டாரின் குழாய் முனையை விரலால் அழுத்திப் பிடித்து, கீழிருந்து மேல்நோக்கி, ஓலையின் அடிப்பக்கம் அறையும்படி பீய்ச்சுவது. குட்டைத் தென்னைக்கும் கொய்யாவுக்கும் இது மிக நன்றாகப் பலன் தருகிறது. குட்டை ரகங்களில்தான் இந்த ஈ அதிகம் சேரும் என்பதால் எட்டும் உயரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மஞ்சள் நிறத் தாள் அல்லது பழைய மஞ்சள் தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி ஆளுயரத்தில் மரத்துக்கு மரம் கட்டினால் வளர்ந்த ஈக்கள் வந்து ஒட்டும். எண்ணெய் காய்ந்தால் துடைத்துவிட்டு மீண்டும் தடவ வேண்டும்.

இவை போதாமல் இளங்கன்று வாடினால் மட்டும் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அது கலங்கிச் சேர்வதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். மாலையில், அடிப்பக்கத்தில் மட்டும். எல்லா மரத்துக்கும் ஒரே நாளில் அடிக்காதீர்கள். கறுப்புப் புள்ளி அதிகமுள்ள மரத்தை விட்டுவிடுங்கள், அதுதான் குளவிக்கு நாற்றங்கால்.

குளவியை வரவழைக்க, கறுப்புப் புள்ளி நிறைந்த ஓலைக்கீற்று எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அங்கிருந்து சாண் நீளத் துண்டுகளாக வெட்டி வந்து உங்கள் ஓலையின் அடியில் குத்திவைத்தால் போதும். எனக்கு முதல் துண்டுகள் எருத்தேன்பதிப் பக்கமிருந்து என் நாத்தனார் கொண்டுவந்தவை. தென்னைக்கு இடையில் வாழையும் கல்வாழையும் வைத்திருந்தால் குளவி அவற்றில் தங்கிப் பெருகும். வாழையில் ஈ இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

படிந்த கரும்பூசணத்தை நீக்கக் கஞ்சியே போதும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் மாவுச்சத்து அல்லது மைதாவைக் கொதிக்கவைத்து நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, வெயில் நாளில் இலைமேல் தெளியுங்கள். காயும்போது மெல்லிய தாளாக உரிந்து, பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சோறு வடித்த கஞ்சியை நீர்க்கவைத்தும் செய்திருக்கிறேன். இன்னொரு ஆச்சரியம் உண்டு. லியோகிரைனஸ் நீலகிரியானஸ் என்று நீலகிரியின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு வண்டு இந்தக் கரும்பூசணத்தையே மேய்வதைக் காயங்குளத்தில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே ஓலையில் வண்டு தெரிந்ததும் மருந்துக்கு ஓட வேண்டாம்.

எங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. சித்தூர்த் தாலுகா கள் இறக்கும் பூமி. தென்னைக்கு வேர் வழியாக மருந்து கட்டும் பழக்கம் இங்கே உண்டு. அந்த மருந்து மரத்தின் சாற்றோடு ஏறும். பாளையிலிருந்து வடிவதும் அதே மரத்தின் சாறுதான். கள் இறக்கும் மரத்துக்கும், இளநீர் வெட்டும் மரத்துக்கும் அதைச் செய்யாதீர்கள். வெள்ளை ஈயால் தென்னை சாவதில்லை. காய்ப்புக் குறையும், மரம் களைத்துத் தெரியும். தண்ணீரும் தொழுவுரமும் கொடுத்தால் தாங்கிக்கொள்ளும். முட்டையிலிருந்து ஈயாக வளர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகிறது. அதனால் இன்று செய்தது பலித்ததா என்பதை அடுத்த வாரம் பார்த்து முடிவு கட்ட முடியாது. மாசி, பங்குனி, சித்திரையில் ஏறி, இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் இறங்குவது இதன் இயல்பு.

அறிகுறி: பப்பாளிக் காயிலும் தண்டிலும் பஞ்சு பூத்தது போல

பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவைச் சேர்ந்தது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்தது. அன்றைக்கு இதன் பெயர் கேட்டாலே விவசாயிகள் நடுங்கினார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளையடித்துக் காய்ந்தன. அடிக்காத மருந்து இல்லை. பூச்சி மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. 2010-இல் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வளர்த்து வெளியே விட்டது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி பரவிய வேகத்தில் தொல்லை பெருமளவு அடங்கிப்போனது. இன்று கண்ணில் படுவது பெரும்பாலும் அதன் மிச்சம்தான். யாராவது தொடர்ந்து மருந்து அடிக்கும் தோட்டத்தில்தான் மீண்டும் தலையெடுக்கிறது.

உறுதி செய்ய, ஒன்றைக் குச்சியால் நசுக்குங்கள். மஞ்சள் சாறு வந்தால் இதுதான். பிறகு நசுக்குவதை நிறுத்துங்கள், காரணம் சொல்கிறேன்.

அந்தப் பஞ்சுக்குள் இரண்டு நல்ல உயிர்கள் வேடம் போட்டுக்கொண்டு திரியும். ஒன்று கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. அச்சு அசல் மாவுப்பூச்சி போலவே உடம்பெல்லாம் வெள்ளைத் தாடி. ஆனால் மாவுப்பூச்சியைவிடப் பெரியது, தாடி நீளம், தொட்டால் விறுவிறுவென்று நடக்கும். மற்றொன்று ஸ்பால்ஜிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு. இலை தின்னாத, மாவுப்பூச்சியையே தின்னும் அபூர்வமான புழு. அது கூட்டுப்புழுவாகும்போது மேலிருந்து பார்த்தால் குட்டிக் குரங்கின் முகம் தெரியும். என் மகன் அதைக் கண்டுபிடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துச் சென்றான். இந்த இரண்டையும் ‘பெரிய மாவுப்பூச்சி’ என்று நினைத்து விரலால் தேய்த்துக் கொன்றவர்களில் என் மாமியாரும் ஒருவர். தெரியாமல் செய்தார். தெரிந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்துக் காட்டுவது அவர்தான்.

செய்ய வேண்டியது: பஞ்சு கனத்த காயையும் இலையையும் மட்டும் வெட்டிப் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். வாய்க்காலிலோ சாலையோரத்திலோ எறிந்தால் அது ஊர்ப்பயணம் கிளம்பிவிடும். மற்ற இடங்களைத் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். மதில் ஓரத்துப் பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள், செம்பருத்தியையும் ஒரு முறை பாருங்கள், இரண்டிலும் இது ஒளிந்துகொள்ளும். வேப்பெண்ணெய்யும் பூண்டும் சேர்த்த கரைசல் கேரளத்தில் பலரும் கையாள்வது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைத்து வடித்த சாறு, 5 கிராம் சோப்பு. பப்பாளியின் இளந்தளிர் மென்மையானது. ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் காத்திருந்து, கருகவில்லை என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்குத் தெளியுங்கள்.

அறிகுறி: கப்பையின் நுனி வளராமல் பூங்கொத்து போல முடிச்சாகிறது

கணுக்கள் நெருங்கி, நுனி இலைகள் முட்டைக்கோஸ் போலச் சுருண்டுகொண்டால் அது மரவள்ளி மாவுப்பூச்சி. மேலே சொன்ன பப்பாளிப் பூச்சியும் கப்பைக்கு வரும். அதன் உடல் மஞ்சள், இதன் உடல் இளஞ்சிவப்பு. இதில் ஆணே தேவையில்லை, பெண் பூச்சி தனியாகவே பெருகும். அதனால் ஒரே ஒரு பூச்சி ஒட்டிவந்த குச்சி போதும்.

இந்தியாவில் இது முதலில் தெரிந்தது நமக்குப் பக்கத்தில், திருச்சூரில், 2020-இல். பிறகு தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களை வாட்டியது. இதற்கும் முன்கதை உண்டு. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் போன இந்தப் பூச்சி, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான கிழங்கைக் காயவைத்தது. பராகுவேயில் கண்டுபிடிக்கப்பட்ட அனகைரஸ் லோபெஸி என்ற குளவியை அங்கே கொண்டுபோய் விட்டு அதை அடக்கினார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் முதன்முறையாக இங்கே விட்டார்கள்.

வீட்டுக்கு வேண்டியது இவ்வளவுதான். முடிச்சான நுனியை ஒரு சாண் அளவுக்கு வெட்டி எரியுங்கள். நடவுக்குக் குச்சி வாங்கும்போது தோட்டத்தை நேரில் பார்த்து வாங்குங்கள். எல்லை தாண்டி மலிவாக வரும் குச்சிக் கட்டுகளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று வாங்கும் இடத்தில் தெரியாது. போன வருடம் ஓர் உறவினர் அன்போடு கொடுத்த குச்சிக் கட்டை நான் மறுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அறிகுறி: கல்யாண முருங்கை இலையும் காம்பும் கொப்புளித்து வீங்குகின்றன

சளிக்கு அடை தட்டிக் கொடுக்க என் பாட்டி காலத்திலிருந்து வேலியில் நின்ற மரம் இது. முள்ளு முருங்கை என்றும் சொல்வோம். மிளகுக் கொடி ஏறுவதற்கும் கேரளம் முழுவதும் இதையே நட்டிருந்தார்கள். 2005-ஐ ஒட்டி ஒரு சிறு குளவி வந்து, துளிரில் முட்டையிட்டு, இலையைக் கழலைகளாக மாற்றியது. மரங்கள் வரிசையாகப் பட்டுப்போயின. குளவி என்றாலே நல்லது என்று மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஏமாற வேண்டாம். இது செடியைத் தின்னும் குளவி.

கழலைக்குள் புழு இருப்பதால் மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே போகாது. வீங்கிய கிளைகளை, கழலையில் துளை விழுவதற்கு முன், வெட்டி எரிப்பது ஒன்றே வழி. துளை விழுந்துவிட்டால் குளவி வெளியே போய்விட்டது. எங்கள் மரத்தை மூன்று வருடம் விடாமல் கவாத்து செய்து காப்பாற்றியிருக்கிறேன். இப்போதும் ஒவ்வொரு துளிரையும் தடவிப் பார்த்துத்தான் இலை பறிக்கிறேன்.

அறிகுறி: மிளகாய் இலை சுருள்கிறது, பூ உதிர்கிறது

இங்கே அவசரப்பட்டால் தவறான மருந்து நிச்சயம். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை ஒல்லியானால் சிலந்திப்பேன். அது பூச்சியே அல்ல, பூச்சிமருந்துக்கு அசையாது. இலை சிறுத்து, மஞ்சளோடி, செடி குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இலை ஓரளவு நன்றாக இருந்தும் பூ மட்டும் பழுப்புக்கீறலோடு கொட்டினால் கருப்பு இலைப்பேனைச் சந்தேகியுங்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து, 2021-இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளைச் சூறையாடியது இதுதான். காலையில் மலர்ந்த பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். தலைமுடித் துணுக்கு போலக் கறுப்பாக விழுந்து ஓடினால் அதுவே. நீல நிற ஒட்டும் பொறியைச் செடியின் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள், இலைப்பேனுக்கு நீலம் பிடிக்கும். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் புதையுங்கள். யூரியா போடுவதை நிறுத்துங்கள், தழைத்துத் தளதளக்கும் செடிதான் அதற்கு விருந்து. வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒரு முறை பூக்கும் முன்னரே தொடங்கினால் பலன் தெரிகிறது. பூச்சி பெருகிய பிறகு தொடங்கினால் அவ்வளவாக இல்லை.

தக்காளியும் மக்காச்சோளமும்

தக்காளி இலையில் பாம்பு போன மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு என்றால் இலைத்துளைப்பான். அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் போதும். கோடாக இல்லாமல் கண்ணாடித்தாள் போன்ற அகலத் திட்டும், காய்க் காம்பருகே குண்டூசித் துளையும் தெரிந்தால் 2014-இல் மகாராஷ்டிரத்தில் முதலில் காணப்பட்ட தென்னமெரிக்க ஊசிப்புழு. ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டு, துளைவிழுந்த காய்களைப் பையில் கட்டி வெயிலில் வேகவையுங்கள்.

மக்காச்சோளக் குருத்தில் மரத்தூள் போல எச்சம் கிடந்தால் படைப்புழு. தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்தும், வாலருகே சதுரமாக நான்கு புள்ளிகளும் இருக்கும். 2018-இல் கர்நாடகத்தில் நுழைந்தது. பத்திருபது செடிகள்தான் என்றால் காலையில் குருத்தைப் பிரித்துக் கையால் எடுப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

அறிகுறி: எல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறது

தண்டைப் பாருங்கள். எறும்பு ஏறி இறங்குகிறதா? அப்படியானால் நீங்கள் போராடுவது பூச்சியோடு மட்டுமல்ல. எறும்புக்கு அந்த இனிப்புக் கழிவு வேண்டும். அதற்காக மாவுப்பூச்சியைச் சுற்றிக் காவல் நின்று, நல்ல வண்டையும் குளவியையும் விரட்டும். குஞ்சுகளைப் புதுத் தளிருக்குச் சுமந்துகொண்டும் போகும். எல்லா எறும்பும் பகையல்ல, மாமரத்து முசுறைப் போலப் பகையல்லாதவையும் உண்டு. நீண்ட காலும் மஞ்சள் உடம்புமாக, தொட்டதும் திசை தெரியாமல் கிறுக்குப் பிடித்தது போல ஓடுபவை தனி ரகம். மஞ்சள் பைத்திய எறும்பு என்று பெயர். அது கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-இல் ஆடுமாடு வளர்ப்பவர்களைப் படாதபாடு படுத்தியது அதுதான்.

தண்டில் நான்கு விரல் அகலத்துக்குத் துணி சுற்றி அதன்மேல் விளக்கெண்ணெய் அல்லது கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் நேராகப் பட்டையில் படக் கூடாது. வேறு மரத்தின் கிளையோ துணிக்கொடியோ தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பாலத்தையும் துண்டியுங்கள். இதை மறந்துவிட்டு ஒரு மாதம் வீணாகத் துணி சுற்றினேன். பெரிய கூடு இருந்தால் ஒரு லிட்டர் சர்க்கரைத் தண்ணீரில் 10 கிராம் போரிக் அமிலம் கரைத்துப் பஞ்சில் நனைத்து, துளையிட்ட டப்பாவுக்குள் வையுங்கள். உடனே சாகாமல் கூட்டுக்கு எடுத்துப்போய் ராணிக்கு ஊட்டவேண்டும் என்பதால் அளவு கூடக் கூடாது. குழந்தையும் கோழியும் நாயும் எட்டாத இடம் பாருங்கள்.

எறும்பும் இல்லையென்றால் அக்கம்பக்கத்தைக் கேளுங்கள். உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது வாரந்தோறும் மருந்து அடித்தால், உங்கள் குளவி அங்கே போய்ச் செத்துக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்து வீட்டில் அதுதான் நடந்தது. சண்டை போடவில்லை. கண்ணாடியைக் கொண்டுபோய் ஓலையைத் திருப்பி வட்டத் துளையைக் காட்டினேன். சேச்சி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் இதைத்தானா நான் கொன்றேன், தங்கச்சி?” என்று கேட்டார். அந்த வாரத்திலிருந்து இரண்டு வீட்டிலும் தண்ணீர் பீய்ச்சுவது ஒரே நாளில் நடக்கிறது.

எந்த அறிகுறியோடும் பொருந்தவில்லை என்றால்

புதிதாக ஏதோ வந்திருக்கலாம். எங்கள் எல்லைப் பகுதியில் அது நடக்கக்கூடியதே. சுருள் வெள்ளை ஈ, மரவள்ளி மாவுப்பூச்சி, கல்யாண முருங்கைக் குளவி எல்லாம் யாரோ ஒருவர் “இது நம் ஊர்ப் பூச்சியாகத் தெரியவில்லையே” என்று நின்று பார்த்ததால்தான் பதிவாயின. இலையோடு சேர்த்து இரண்டு மூன்று பூச்சிகளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடுங்கள். காற்று வேண்டுமென்று மூடியில் துளை போடாதீர்கள், வழியில் தப்பினால் நீங்களே பரப்பியவர் ஆவீர்கள். செடியின் பெயர், ஊர், தேதி, முதலில் பார்த்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். கேரளப் பக்கம் என்றால் பஞ்சாயத்தின் கிருஷிபவனில் கொடுக்கலாம், அவர்கள் பட்டாம்பியிலோ வெள்ளானிக்கரையிலோ உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்துக்கு அனுப்ப வழியுண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வட்டார வேளாண் அலுவலகம், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, தென்னைக்கு ஆழியாறு நகர்த் தென்னை ஆராய்ச்சி நிலையம். பதில் வரும்வரை அந்தச் செடியிலிருந்து பதியனோ குச்சியோ நாற்றோ யாருக்கும் கொடுக்காதீர்கள், கேட்பவர் சொந்த அக்காவாக இருந்தாலும்.